பாதி நாவலோடு மாநாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: அறிவியல் புனைகதையும் ஃபேன்டஸியும் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். சிறு இதழ்களில் சில கதைகள் வந்திருக்கின்றன. நாவல் பாதியில் நிற்கிறது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போனால் பதிப்பாளர் கிடைப்பார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இதற்கிடையே, செலவில் பாதியை நான் ஏற்றால் நாவலை வெளியிடுவதாக ஒரு பதிப்பகம் எழுதியிருக்கிறது. ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். என் சேமிப்பு இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். எதற்குச் செலவழிக்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். மாநாட்டுக்கு நாவல் முடிந்த பிறகு போகலாம். பதிப்பகத்துக்கு எப்போதுமே வேண்டாம்.

பாதி நாவலோடு போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு எடிட்டரிடம் பேச்சுக் கொடுக்கிறீர்கள். கதை அவருக்குப் பிடித்துவிடுகிறது. "சரி, அனுப்புங்க" என்கிறார். எதை அனுப்புவீர்கள்? முதல் நாவல்காரரிடம் எடிட்டரும் சரி, எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசி விற்றுத் தரும் ஏஜென்டும் சரி, முழுப் பிரதியைத்தான் கேட்பார்கள். சில அத்தியாயங்களையும் கதைச்சுருக்கத்தையும் காட்டி ஒப்பந்தம் வாங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே விற்றுக் காட்டியவர்களுக்கே நடக்கும். நீங்கள் மீதியை முடித்து அனுப்புவதற்குள் அவர் வேறு நிறுவனத்துக்கே போயிருக்கலாம். இந்தத் துறையில் அது சகஜம்.

வேர்ல்ட்கான் எனப்படும் இந்த உலக மாநாடு 1939-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் வேறு ஊர், வேறு குழு. நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். மேடையில் பேசுகிற எழுத்தாளர்களில் பெரும்பாலோர்கூட உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் உள்ளே வருகிறார்கள். இது தெரியாமல் வேலைவாய்ப்பு முகாமுக்குப் போவதுபோல ஃபைலும் கையுமாகப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். அங்கே யாரும் பிரதியைக் கையில் வாங்குவதில்லை. பிரதி போகவேண்டிய வழி மின்னஞ்சல்தான்.

அப்புறம் எதற்குப் போவது? மனிதர்களைத் தெரிந்துகொள்ள. குழு விவாதங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பதைவிட, காஃபிகிளாட்ச் என்று ஒன்று நடக்கும், அதற்குப் பெயர் கொடுங்கள். ஒரு மேசை, ஒரு எழுத்தாளர் அல்லது எடிட்டர், சுற்றிலும் சிலர் மட்டும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முன்பதிவு திறந்ததுமே போட்டுவிட வேண்டும். சாயங்காலம் ஹோட்டல் பாரில் கூட்டம் சேரும்; குடிக்காதவர்கள் தண்ணீர் கிளாஸோடு நின்றாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

அங்கே நிச்சயம் வரும் கேள்வி, "நீங்க என்ன எழுதுறீங்க?" ராஜ்யத்தின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றிலிருந்து ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் கண் உங்கள் தோளுக்குப் பின்னால் போய்விடும். இரண்டு வரி போதும். உதாரணமாக: "செத்தவங்களோட கடனை வசூல் பண்ற ஒரு குமாஸ்தாப் பொண்ணு. ஒருநாள் பட்டியல்ல அவ அம்மா பேர் வருது. ஆனா அம்மா உயிரோட இருக்காங்க." இதோடு நிறுத்திவிடுங்கள். "அப்புறம்?" என்று அவர் கேட்டால் தொடருங்கள். கேட்காவிட்டால் அவர் என்ன படிக்கிறார் என்று விசாரியுங்கள். பின்னால் நீங்கள் அனுப்பும் கடிதத்தில் "மாநாட்டில் பேசினோம்" என்ற வரி கொஞ்சம் கவனத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். முடிவெடுக்க வைப்பது முதல் பத்துப் பக்கம்.

பயணம் செய்யாமல் வேர்ல்ட்கான் உறுப்பினராக மட்டும் சேரும் வழியும் இருக்கிறது. செலவு குறைவு. அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் 1953 முதல் தரப்படும் ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கலாம், வாக்களிக்கலாம். பெரும்பாலான ஆண்டுகளில் இறுதிப் பட்டியல் படைப்புகளில் பலவற்றை மின்வடிவில் வாக்காளர்களுக்குத் தருவார்கள். துறை இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அதுவே போதும்.

நாவல் முடியும்வரை சிறுகதைகளை நல்ல பணம் தரும் இதழ்களுக்கு அனுப்பிக்கொண்டிருங்கள். அமெரிக்காவின் அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி எழுத்தாளர் சங்கம் 2019-இல் தொழில்முறைச் சன்மானம் என்று வைத்த அளவு, சொல்லுக்கு 8 சென்ட். ஹியூகோ கணக்கில் 7,500 சொல்லுக்குள் இருந்தால்தான் சிறுகதை. கதை நீள நீள, வாங்கும் இடங்கள் குறையும். உங்கள் வலைப்பூவில் போட்ட கதை பல இதழ்களுக்கு ஏற்கெனவே வெளியான கதைதான், ஆகவே போடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. இதைப் பற்றி அந்தந்த இதழின் விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அனுப்புங்கள்.

இனி அந்த ஒப்பந்தம். பணம் எழுத்தாளரை நோக்கித்தான் பாய வேண்டும் என்பது எழுத்தாளர் ஜேம்ஸ் டி. மெக்டொனால்ட் சொன்ன, துறையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. உங்கள் பாதியிலேயே அச்சுச் செலவும் லாபமும் அடங்கிவிட்டால், புத்தகத்தை விற்க அவர்களுக்கு என்ன அவசரம்? சொந்தப் பதிப்பு வேறு சங்கதி: அதில் செலவு உங்களுடையது, உரிமையும் வரவும் உங்களுடையவை. இங்கே செலவு மட்டும்தான் உங்களுடையது. உரிமைப் பிரிவைப் பாருங்கள்: எல்லா மொழி, எல்லா வடிவம், "நூல் விற்பனையில் இருக்கும் காலம் முழுவதும்". மின்னூலும், ஆர்டர் வந்தால் மட்டும் பிரதி அச்சிடும் முறையும் வந்த பிறகு எந்த நூல்தான் விற்பனையிலிருந்து போகிறது? யாருமே வாங்காவிட்டாலும் உரிமை அவர்களிடமே இருக்கும். ஒழுங்கான ஒப்பந்தத்தில், ஆண்டு விற்பனை இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண்ணிக்கை போட்டிருக்கும். நாளைக்கு நல்ல பதிப்பகமே கிடைத்தாலும் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வந்தால் வரவில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார். படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டால் அவர் ஏஜென்ட் இல்லை. சந்தேகப் பெயர் எதுவானாலும் எழுத்தாளர்களை ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எச்சரிக்க 1998 முதல் இயங்கும் ரைட்டர் பிவேர் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: "பணம் கட்டி வெளியிடும் எண்ணம் இல்லை, நன்றி." தள்ளுபடி தருவதாக மறுபடி எழுதுவார்கள். அதற்குப் பதில் போட வேண்டியதில்லை.