வளைவில் தூக்கி எறியும் ஸ்லாட் கார்: மோட்டாரை விடுங்கள், டயரைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மைத்துனர் லண்டனிலிருந்து வரும்போது பையனுக்கு 1/32 அளவு ஸ்லாட் கார் (டிராக்கின் பள்ளத்தில் ஓடும் மின்சாரப் பொம்மை கார்) செட் ஒன்று வாங்கி வந்தார். ஹால் தரையில் விரித்து ஓட்டுகிறோம். ஒரு கார் நேர்ப்பாதையில் டகடகவென்று நடுங்குகிறது, வளைவில் பின்பக்கம் வெளியே அடித்துப் பறந்துவிடுகிறது. டிராக்கின் மறுமுனைக்குப் போனால் இரண்டு கார்களுமே சோர்ந்துவிடுகின்றன. உதிரி பாகம் வரவழைத்தால் அதன் விலையைவிடத் தபால் செலவும் சுங்க வரியும் அதிகம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் வேகமான மோட்டார் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் பொம்மைகளுக்கென்று விற்கும் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 3 முதல் 6 வோல்ட்டுக்கானவை. உங்கள் டிராக்கில் 12 வோல்ட்டாவது ஓடும். கொஞ்ச நேரத்திலேயே சூடேறிக் கருகிவிடும். சரியான மோட்டாரே கிடைத்தாலும், நடுங்குகிற கார் இன்னும் சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான்.

முதலில் மறுமுனைப் பிரச்சினை. இரண்டு கார்களும் ஒரே இடத்தில் சோர்ந்தால் கோளாறு காரில் இல்லை, டிராக்கில். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் குறைகிறது. மல்டிமீட்டரால் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கார் ஓடாமல் அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். மறுமுனையில் காரை வைத்து, நகராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, கண்ட்ரோலரை முழுதாக அழுத்திக்கொண்டு அளக்க வேண்டும். அப்போதுதான் சரிவு தெரியும். பள்ளிக்கூட அழிப்பான் ரப்பரால் பள்ளத்தின் இருபுறமும் மின்சாரம் தரும் தண்டவாளத் தகடுகளைத் தேய்த்து, இணைப்புகளை இறுக்கிப் பாருங்கள். எஃகுக் கம்பித் தேய்ப்பான் கூடவே கூடாது. அதன் பொடித் துணுக்குகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியும் சரிவு இருந்தால், மின்சாரம் தொடங்கும் துண்டின் அடியிலிருந்து மறுமுனைத் துண்டின் அடிக்கு ஒயர் இழுத்துப் பற்றவையுங்கள். இரண்டு பாதைக்கு 4 தகடுகள், ஆக 4 ஒயர்கள். எந்தத் தகடு எதனோடு சேர்கிறது என்பதை, அடாப்டரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் பீப் ஒலியில் உறுதி செய்துகொண்டு பற்றவையுங்கள். மாற்றி இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

இனி நடுங்கும் கார். பத்தில் எட்டு முறை குற்றவாளி பின் டயர்தான். கைட் (காரின் முன்னடியில் பள்ளத்துக்குள் இறங்கும் நாக்கு) மட்டும் பள்ளத்தில் இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து மெதுவாகச் சுழல விடுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் டயர் மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். அச்சில் வார்த்த டயரின் நடுவில் மெல்லிய கோடும் இருக்கும். டயர் வட்டமில்லை என்றால் கார் ஓடாது, துள்ளும்.

டயரை ரிம்மோடு ஒட்டுவதுதான் முதல் வேலை. ஓரத்தைச் சற்று விலக்கி, பல்குச்சி முனையில் ஃபெவிக்விக் தொட்டு நாலைந்து இடத்தில் வையுங்கள். காய்ந்த பிறகு, 240 எண் உப்புத்தாளில் ஒரு துண்டை இரட்டைப் பக்க டேப்பால் டிராக்கில் ஒட்டுங்கள். கைட் முன்னால் தகட்டைத் தொட வேண்டும், பின் சக்கரம் உப்புத்தாளின் மேல் நிற்க வேண்டும். காரைக் கையால் பிடித்துக்கொண்டு பாதி வேகத்தில் சுழல விடுங்கள். அழுத்தக் கூடாது, கையின் கனமே போதும். சில விநாடி தேய்த்து நிறுத்துங்கள், ஆறட்டும், மறுபடி தேயுங்கள். சூடேறினால் ரப்பர் உப்பி, ஆறியதும் வேறு வடிவத்துக்குப் போய்விடும். டயர் முழுதும் ஒரே மாதிரி மங்கலானதும் 400, அப்புறம் 600 எண் தாள். கடைசியில் வெளி ஓரத்தைச் சற்று மழுக்கிவிடுங்கள். கூர்மையாக இருந்தால் வளைவில் தரையைக் கவ்விக் காரைக் கவிழ்க்கும். இதெல்லாம் ரப்பர் டயருக்கு. சிலிக்கோன் டயர் உப்புத்தாளுக்கு மசியாது. தேய்த்த டயரை செலோ டேப்பின் பசைப் பக்கத்தில் உருட்டினால் தூசி வந்துவிடும். தரையில் ஓட்டுவதால், ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் இந்த உருட்டல் தேவைப்படும். ஆக்சிலில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயருக்கு அடுத்தபடி பாடி ஸ்க்ரூ. பெட்டியிலிருந்து வரும்போது இறுக்கமாக இருக்கும். அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்று வரை தளர்த்துங்கள். காரைக் காதருகே ஆட்டினால் லேசாகக் கடகடக்க வேண்டும். சேஸியின் (அடிச்சட்டம்) அதிர்வு பாடிக்கு ஏறாது, வளைவில் பாடி தனியாக அசையும், டயர் தரையை விடாது. காசில்லாத வேலை, பலன் அடுத்த சுற்றிலேயே தெரியும்.

பிறகு சமையலறை கிரானைட் மேடைக்கு வாருங்கள். கைட் மேடை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி காரை வையுங்கள். நான்கு சக்கரமும் கல்லைத் தொட வேண்டும். ஒரு மூலையை விரலால் அழுத்தும்போது எதிர் மூலை எழுந்தால் சேஸி முறுக்கியிருக்கிறது. மோட்டார், கியர், காந்தம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சேஸியை ஒரு தட்டையான உலோகத் தகட்டோடு இறுகக் கட்டி, கொதித்து இறக்கிய வெந்நீரில் சில நிமிடம் வைத்து, கட்டை அவிழ்க்காமல் குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். பின் ஆக்சிலைத் தாங்கும் புஷ் சேஸியில் ஆடினால் அதற்கும் ஃபெவிக்விக்தான். ஆனால் முதலில் ஆக்சிலில் எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் பசை உள்ளே ஊறி ஆக்சிலே பூட்டிக்கொள்ளும்.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைவது அது; பெங்களூரு டிசம்பரில் பாட்டிலில் என்ன ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காரின் அடியிலுள்ள காந்தம் எஃகுத் தகட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் குறைகள் மறைந்துவிடும்; எல்லை மீறும்போது முன்னறிவிப்பில்லாமல் பறக்கும். 1957இல் பிரிட்டனில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற ஸ்லாட் கார் பிராண்ட் அறிமுகமானபோது இந்தக் காந்தம் கிடையாது, டயரும் எடையும்தான். நீங்களும் சரிசெய்யும் வரை காந்தத்தைக் கழற்றி வையுங்கள். பின்பக்கம் மெல்ல வழுக்க ஆரம்பிப்பது தெரியும், பையனும் கண்ட்ரோலரைப் பக்குவமாக அழுத்தப் பழகுவான். எடை வேண்டுமென்றால், வீல் பேலன்சிங் கடையில் 5 கிராம் ஒட்டு வில்லைகள் கேளுங்கள். சேஸியின் தரையில், பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால், இருபுறமும் சமமாக ஒட்டுங்கள். முன்பக்கம் எழும்பினால் கைட்டுக்குப் பின்னால் ஒன்று. பழைய வில்லைகள் ஈயமாக இருக்கலாம். பையன் கையில் கொடுக்காதீர்கள், நீங்களும் கையைக் கழுவிவிடுங்கள்.

கைட்டிலிருந்து தகட்டைத் தொடும் செம்புப் பின்னல் தேய்ந்திருந்தால், எஸ்.பி. ரோட்டில் ஈயப்பற்றை உறிஞ்சி எடுக்க விற்கும் டீசோல்டரிங் விக் வாங்கலாம். மேலே பூசியிருக்கும் ஃப்ளக்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிவிட்டுப் பொருத்துங்கள். பின்னல் தகட்டைத் தொட்டால் போதும். முன் சக்கரத்தைத் தூக்கும் அளவுக்கு வளைக்காதீர்கள்.

கியரில் பற்பசை தடவி ஓடவிடும் வித்தையை யாராவது சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் பிளாஸ்டிக் கியர் ஓடஓடத் தானே பழகிவிடும். பற்பசை மோட்டாருக்குள் போனால் வம்பு. சத்தம் அதிகமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, போன் ஸ்டாப்வாட்சில் 10 சுற்று நேரத்தை எழுதி வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் வளைவில் முன்பக்கம் தயங்கினால், முன் டயரில் நிறமற்ற நெயில் பாலிஷை மெல்லப் பூசுங்கள். திருப்புவது கைட்; முன் டயருக்குப் பிடிப்பு தேவையே இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.