கர்ணன் சாகிற இடம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு எட்டு வயது. தூங்கும் முன் தினமும் பாரதக் கதை சொல்கிறேன். அத்தையும் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்பார். கர்ணன் சாகிற இடம் வந்ததும், பிள்ளை பயந்துவிடுவாளே என்று "சாமிகிட்ட போயிட்டான்" என்று முடித்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் கதை கேட்க வருவதில்லை. அத்தையும் "சப்புன்னு ஆக்கிட்டியேம்மா" என்றார். எட்டு வயதுக்கும் எழுபது வயதுக்கும் ஒரே கதையைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் காலங்காலமாக நடப்பதே அதுதான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவு தொடங்கி விடியும்வரை கூத்து. சிறுவர்களுக்கென்று அங்கே தனிப் பாரதம் கிடையாது.

நான் முதன்முதலில் 'கர்ண மோட்சம்' கூத்து பார்த்தபோது உங்கள் மகள் வயதுதான். முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் திரை பிடித்து நிற்கிறார்கள். மேலே கிரீடத்தின் நுனி ஆடுகிறது, கீழே சலங்கை கட்டிய கால்கள். பாட்டு மட்டும் வருகிறது. வரப்போவது கர்ணன் என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவையே கிண்டலடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம். கர்ணன் மனைவி பொன்னுருவி வந்ததும் தூங்கிப்போனேன்.

பாட்டி உலுக்கி எழுப்பியபோது கர்ணன் விழுந்து கிடந்தான். கிழவர் வேடத்தில் கண்ணன் கை நீட்டி நின்றான். உயிர் போகிற நேரத்திலும் இல்லையென்று சொல்லாமல், செய்த தர்மத்தையெல்லாம் ரத்தத்தால் தாரை வார்த்தான் கர்ணன். எனக்குப் பயமே வரவில்லை. "எல்லாத்தையும் குடுத்துட்டானே, இனிமே அவனுக்கு?" என்று கேட்டேன். பாட்டி பதில் சொல்லவில்லை. மகனை மடியில் போட்டு அழும் குந்தியைப் பார்த்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நாற்பது வயதில் மறுபடி பார்த்தேன். சின்ன வயதில் தூங்கிக் கழித்த பொன்னுருவி இப்போது என்னை உட்காரவிடவில்லை. தேரோட்டி மகன் என்று கட்டிய புருஷனை இளக்காரமாகவே நடத்தியவள், அவன் பிறப்பு தெரிந்த பிறகு, அவனைப் போருக்கு அனுப்பிவிட்டு நிற்கிறாள். சேர்ந்து வாழ இனி நாளில்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவனுக்கு அது சாதாரணக் காட்சியா?

என்னைப் போன்ற பொடியன்களுக்காகக் கூத்துக்காரர்கள் சாவை மறைக்கவில்லை. பாட்டிகளுக்காகக் கிண்டலைக் குறைக்கவுமில்லை. தனக்கு எட்டாத இடத்தைப் பிள்ளை தானே தூங்கித் தாண்டிவிடும். நாம் வெட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தவன் கடைசியில் என்ன ஆனான் என்று உங்கள் மகள் இத்தனை நாள் காத்திருந்தாள். அதைத்தான் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள்.

இன்றிரவு அந்த இடத்தைத் திரும்பச் சொல்லுங்கள். அம்பு, ரத்தம், கை நீட்டும் கிழவர் எல்லாம் இருக்கட்டும். குந்தி ஓடிவருகிற இடத்தை மட்டும் அத்தையைச் சொல்லச் சொல்லிவிட்டு, நீங்களும் மகளோடு படுத்துக் கேளுங்கள்.