திரையில் ஒரே ஒரு குண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: துபாயிலிருந்து என் மாமா முன்பு கொண்டுவந்த டிவி கேம் பெட்டியில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் ஓடுகிறது. ஆளுக்கொரு செல்போன் இருந்தும் விடுமுறை நாளில் அதற்குத்தான் வீட்டில் போட்டி. அதில் அப்படி என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: மேலிருந்து வரிசையாக இறங்கிவரும் வேற்றுக்கிரக எதிரிகளைக் கீழிருந்து சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது. ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தின் டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய அந்த ஆட்டத்தின் உயிர் ஒரு தடையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் சுட்ட குண்டு எதன்மீதாவது பட்டோ திரையின் உச்சியை அடைந்தோ மறையும்வரை அடுத்த குண்டைச் சுட முடியாது. குறி சரியாக விழுந்தால் உடனே மீண்டும் சுடலாம். தவறினால், எதிரிகள் இறங்கிக்கொண்டிருக்க, அந்தக் குண்டு மேலே போய்ச் சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தவறுக்கு அபராதமாக மதிப்பெண் போவதில்லை, நேரம் போகிறது. கண்மூடித்தனமாகப் பட்டனை அழுத்துபவர் இதனாலேயே விரைவில் தோற்கிறார்.

வரிசைக்கு 11 பேராக 5 வரிசைகளில் 55 எதிரிகள் நிற்கிறார்கள். அந்தக் காலத்து இன்டெல் 8080 சில்லு, அவர்களை ஒரே சமயத்தில் நகர்த்தாமல் ஒருவர்பின் ஒருவராக நகர்த்தியது. ஆட்கள் குறையக் குறைய ஒரு சுற்று சீக்கிரம் முடிந்ததால், மிஞ்சியவர்களின் வேகம் தானாகவே கூடியது. கருவியின் குறைபாடாகத் தோன்றிய இதை நிஷிகாடோ மாற்றாமல் ஆட்டத்தின் பகுதியாகவே வைத்துக்கொண்டார். நீங்கள் வெல்ல வெல்ல ஆபத்து பெருகுகிறது. பின்னணியில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் நான்கு சுரங்களும் கூடவே விரைகின்றன. கடைசி ஒருவன் திரையின் குறுக்கே பாயும்போது உள்ளங்கை வியர்ப்பது அதனால்தான்.

உத்தியும் இந்த விதிகளிலிருந்தே பிறக்கிறது. எதிரிப்படை திரையின் ஓரத்தைத் தொடும்போதுதான் ஒரு படி கீழிறங்கும் என்பதால், இரு ஓரத்து நெடுவரிசைகளை முதலில் அழித்துப் படையைக் குறுக்கிவிட்டால், அது ஓரத்தை அடைய அதிக நேரம் பிடிக்கும், இறக்கமும் தாமதப்படும். மேலே கடந்துபோகும் மர்மக் கலத்தின் மதிப்பு குருட்டு அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீங்கள் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: 23ஆவது குண்டாலும், அதன்பின் ஒவ்வொரு 15ஆவது குண்டாலும் வீழ்த்தினால் 300 புள்ளிகள். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இன்னும் துணிந்து, எதிரிகள் கடைசிப் படிவரை இறங்கட்டும் என்று விட்டார்கள். அந்த நிலையில் எதிரியின் குண்டு உங்களுக்குக் கீழே தோன்றுவதால் உங்களைத் தொடாது. நகோயா நகரத்தின் பெயராலேயே வழங்கும் அந்த முறையில் ஒரு நொடி பிசகினாலும் எதிரி தரையிறங்கி ஆட்டம் முடிந்துவிடும்.

கேள்வி: விண்பாறைகளைச் சுட்டு உடைக்கும் ஆஸ்டிராய்ட்ஸ் ஆடும்போது விண்கலம் நிறுத்திய இடத்தில் நிற்காமல் வழுக்கிப் போய்ப் பாறையில் மோதுகிறது. ஏன் இப்படி அமைத்தார்கள்?
– விசைப்படகு ஓட்டுநர், பாம்பன்

பதில்: விடை உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. இன்ஜினை அணைத்த பிறகும் படகு எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்கிட்டுத்தான் நீங்கள் கரையணைகிறீர்கள். லைல் ரெய்ன்ஸும் எட் லாக்கும் அட்டாரி நிறுவனத்துக்காக 1979இல் வடிவமைத்த இந்த ஆட்டத்திலும் முனையை எதிர்த்திசைக்குத் திருப்பி உந்தினால்தான் கலம் சட்டென்று நிற்கும். ஆகவே உந்துவதைக் குறைத்து, இருந்த இடத்திலேயே சுழன்று சுடப் பழகுங்கள். பெரிய பாறைகளை ஒரே நேரத்தில் உடைத்துத் திரையைச் சிதறல்களால் நிரப்பிவிடாமல், ஒன்றை முழுவதும் தீர்த்த பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். தேர்ந்தவர்கள் ஒரே ஒரு சிறு பாறையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, 1,000 புள்ளி தரும் சிறிய பறக்கும் தட்டுக்காகத் திரையோரம் பதுங்கியிருப்பார்கள். பின்னர் வந்த ஆஸ்டிராய்ட்ஸ் டீலக்ஸில் இந்த உத்தியை அடைப்பதற்காகவே அட்டாரி மாற்றங்கள் செய்தது.

கேள்வி: சுடுவதையே ஆட்டமாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சரியா?
– பள்ளி ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: கவலை நியாயமானது. ஆனால் டேவ் தியூரர் 1980இல் உருவாக்கிய மிஸைல் கமாண்ட் ஆட்டத்தை ஒரு முறை பாருங்கள். அதில் தாக்குவதற்கு எதிரி நாடு என்று எதுவும் இல்லை. ஆறு நகரங்கள், மூன்று தளங்கள், தளத்துக்குப் பத்து ஏவுகணைகள். வானிலிருந்து விழுபவற்றைத் தடுப்பது மட்டுமே வேலை. அதில் வெற்றி என்ற முடிவே கிடையாது. எத்தனை நேரம் காத்தீர்கள் என்பதே கணக்கு. எந்த நகரத்தைக் கைவிட்டு எதைக் காப்பது என்று முடிவெடுக்க வேண்டிய அந்தக் கணத்தில் போரின் கொடுமையைப் பிள்ளைகள் உணர்வார்கள் என்றே நான் நம்புகிறேன். அருகில் அமர்ந்து பேசிக்கொண்டே ஆடவிடுங்கள்.

கேள்வி: கேலகா ஆட்டத்தில் வேண்டுமென்றே நம் விமானத்தைப் பகைவனிடம் கொடுப்பது புத்திசாலித்தனமா?
– வாசகர், தொண்டி

பதில்: உபரி விமானம் கையில் இருந்தால் நிச்சயமாகப் புத்திசாலித்தனம்தான்; கடைசி விமானத்தைக் கொடுத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். நாம்கோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், எதிரிக் கூட்டத்தின் தலைவன் பிடித்துச் சென்ற விமானத்தை மீட்டால் இரண்டும் இணைந்து இரட்டைக் குண்டு பொழியும். அதே சமயம் உங்கள் அகலமும் இரு மடங்காகி, அடிபடுவதும் எளிதாகிவிடும். தலைவனை வீழ்த்த இரண்டு அடி தேவை என்பதால், பிடிகொடுக்கும் முன்பே ஒரு முறை அடித்து வையுங்கள். உங்கள் விமானத்துடன் அவன் வரிசையில் நிற்கும்போது சுடாதீர்கள். அப்போது வீழ்த்தினால் உங்கள் விமானமே பகையாகிவிடும். அவன் கீழே பாய்ந்து வரும்போது, பின்னால் தொங்கும் உங்கள் விமானத்தில் படாமல் அவனை மட்டும் குறிவைத்து அடியுங்கள்.