கூரையில் சோலார், வேலை கீழ்த்தளத்தில்

ஐயா,

மகள் மின்னியல் பொறியியல் முடிக்கப் போகிறாள். ஓட்டலில் எரிசக்தி சேமிப்புப் பணிக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். "இவ்வளவு படித்துவிட்டு ஓட்டல் வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விருந்தினர் கண்ணில் படும் ஓட்டல் வேறு. கீழ்த்தளத்தில் ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பாய்லர், பம்ப், ஜெனரேட்டர் என்று ஒரு சிறிய தொழிற்சாலையே இரவு பகலாக ஓடுகிறது. அவளுடைய படிப்புக்கு வேலை அங்கேதான்.

ஆள் தேவைப்படுவதற்குக் காரணமும் உண்டு. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் வெளியான சுற்றுலாத் துறைப் பிரகடனம், கரிம உமிழ்வை 2030க்குள் பாதியாகக் குறைப்பதை இலக்காக வைத்தது. கையெழுத்துப் போடுவது சுலபம். எந்த மோட்டாரை மாற்றினால் எத்தனை யூனிட் குறையும் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமே!

இந்த வேலை என்றாலே கூரையில் சோலார் பேனல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல மாடி ஓட்டலுக்குக் கூரை சிறியது, மின் தேவையோ பெரியது; கூலிங் டவரும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்கெனவே பாதி இடத்தைப் பிடித்திருக்கும். அதனால் முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். ஏசி காற்றைத் தள்ளும் விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், கணக்குப்படி அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். வெந்நீர் போடப் பயன்படும் ஹீட் பம்ப் என்ற இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சுமார் மூன்று யூனிட் வெப்பத்தைத் தரும். சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பதால் இது சாத்தியம். எனக்கு இதெல்லாம் பேனலைவிட சுவாரசியம்.

ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெந்நீர்த் தொட்டியின் வெப்பத்தைக் கண்டபடி இறக்கிவிட முடியாது. பொதுவாக 60 டிகிரிக்குக் குறையாமல் வைப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும்; ஷவர் திவலை வழியாக நுரையீரலுக்குப் போகும். எதைக் குறைக்கக் கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு.

சரி, அடுத்து என்ன படிப்பது? 'பசுமைச் சுற்றுலா' என்று பெயர் வைத்த மேற்படிப்பில் உடனே பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருக்கட்டும். ஷிஃப்ட் உண்டு, இரவு டியூட்டியும் உண்டு. அதை மறைத்து நான் ஆசை காட்டப் போவதில்லை. அப்புறம் எரிசக்தித் தணிக்கைக்கான சான்றிதழ், எரிசக்தி மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 50001 பயிற்சி என்று போகலாம். ஓட்டல் பிடிக்காமல் போனாலும் கதவு மூடிவிடாது. விமான நிலையங்களுக்கும் இதே ஆள்தான் வேண்டும். கொச்சி விமான நிலையம் 2015லேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டது.

நேர்முகத் தேர்வில் அவளும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "லாண்டரிக்கும் சமையலறைக்கும் தனித்தனி மீட்டர் இருக்கிறதா?" இல்லை, வைக்கும் எண்ணமும் இல்லை என்றால், அங்கே பதவிப் பெயரில் மட்டும்தான் எரிசக்தி இருக்கும். அந்த வேலையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.