சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் அம்மா

"இதுதாம்மா நம்ம வீடு" என்று திருத்துவதை முதலில் நிறுத்திவிடுங்கள். ஆறு மணியானால் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறார், தடுத்தால் அடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். "சரிம்மா, போகலாம், பால் குடிச்சிட்டுக் கிளம்புவோம்" என்று உட்காரவைத்து, அவர் போகணும் என்கிற அந்தப் பழைய வீட்டில் கிணறு எந்தப் பக்கம், யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். இதே மாதிரி கிளம்பும் என் மாமியார் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் பையை மறந்துவிடுவார்.

டிமென்ஷியா என்கிற மறதி நோயில் பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது வழக்கம். களைப்பு, மங்கல் வெளிச்சம், நிழல் எல்லாம் சேர்ந்து மிரட்டும். ஐந்து மணிக்கே விளக்கெல்லாம் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

ஆனால் இரண்டு மூன்று நாளில் திடீரென்று அதிகமானது என்றால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அது பெரிய பாடு.

அப்புறம், நீங்கள் சரியாகத் தூங்கி எத்தனை நாளாச்சு? பக்கத்துத் தெருவில் அண்ணன் இருக்கிறார் என்றீர்களே, வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து படுக்கச் சொல்லுங்கள், கேட்கத் தயங்காதீர்கள். மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.