கூச்சத்துக்கும் சேர்த்து பில்லு கட்டாதீங்க

கேள்வி: கல்யாண நாளுக்கு நானும் மனைவியும் பெங்களூரு இந்திராநகர்ல ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரன்ட் போனோம். வெயிட்டர் கொஞ்சூண்டு ஒயின் ஊத்திட்டு என் முகத்தையே பார்த்துட்டு நின்னார், ஒண்ணும் புரியாம தலையாட்டிட்டேன். பில்லுல 10% சர்வீஸ் சார்ஜ் வேற, கேட்க கூச்சப்பட்டு கட்டிட்டோம். இந்த இடமெல்லாம் நமக்கு ஒத்து வராதோ? - வாசகர், அல்சூர்

பதில்: ஏன் ஒத்து வராது? காசு கொடுத்து சாப்பிடப் போனவர் நீங்க சார், எதுக்கு பயப்படணும்? அந்த ஒயின் உங்களுக்கு வச்ச பரீட்சை இல்ல. பாட்டிலை அடைச்சிருக்கிற கார்க்குனால ஒயின் கெட்டிருந்தா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், அப்படி அடிச்சா பாட்டிலை மாத்தித் தரணும், அதுக்குத்தான் அந்த ஒரு வாய். மோந்து பாருங்க, சரியா இருந்தா ஊத்தச் சொல்லுங்க, அவ்ளோதான். பிடிக்கலைன்னு திருப்பி அனுப்ப முடியாது, ஆனா எது புளிக்கும் எது துவர்க்கும்னு முன்னாடியே கேட்கலாம், பாட்டில் வேணாம் கிளாஸ் கணக்குல தாங்கன்னும் கேட்கலாம். லோக்கல் ஒயின் கேட்கிறதுல கௌரவக் குறைச்சலே கிடையாது, நந்தி மலைப் பக்கம் தொட்டபள்ளாபுரத்துல தயாராகிற குரோவர் ஒயினுக்கு பிரான்ஸ்லேர்ந்து மிஷேல் ரொலாங்னு பெரிய நிபுணரே ஆலோசகரா இருந்திருக்கார்.

எனக்குக் கோபமே அந்த சர்வீஸ் சார்ஜ் மேலதான். அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிடுச்சு, ஓட்டல்காரங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆணையம் சொன்னதுதான் சரின்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. எடுத்துடுங்கன்னு சொல்லுங்க, மாட்டேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் கொடுங்க.

பிரான்ஸ்லயே விலைப்பட்டியலை வாசல்ல மாட்டணும்னு சட்டம், தெருவுல போறவங்க படிச்சுப் பார்த்து நமக்குக் கட்டுப்படியாகுமான்னு முடிவு பண்ணிட்டு உள்ள போகலாம், 1987லேர்ந்து போட்ட விலைக்குள்ளயே சர்வீஸும் அடக்கம், சாப்பிடும்போது ஜக்குல குழாய்த் தண்ணி கேட்டா அதுக்கும் காசு இல்ல. பிஸ்ட்ரோன்னா அங்க அந்தத் தெருக்காரங்க வேலை முடிஞ்சு வந்து வெங்காய சூப் குடிச்சுட்டுப் போற இடம். இங்க வந்ததும் அதுக்கு ஒரு பெரிய மனுஷத் தோரணை ஒட்டிக்கிச்சு, நாம கேட்காம தலையாட்டறதும் அதுக்கு ஒரு காரணம்.

அடுத்த தடவை கொக் ஓ வான் இருக்கான்னு கேளுங்க, சேவலை சிவப்பு ஒயின்ல ஊறப்போட்டு மணிக்கணக்கா வேக வைக்கிறது, காரம் இருக்காது, ஆனா கறி எலும்பை விட்டு அப்படியே கழண்டு வரும். தட்டுல மிஞ்சுற குழம்பை விட்டுடாதீங்க, பிரெட்டைக் கையால பிச்சு தொட்டு சாப்பிடுங்க, அங்க அவங்களும் அப்படித்தான் சாப்பிடறாங்க.