பல மரம் கண்ட தச்சன்

வணக்கம் ஐயா.

நான் சுங்கை பட்டாணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை இருக்கும் உங்கள் சிறுவர் கதையை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் அதே பேச்சுதான். பிறகு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதே கையா இதை எழுதியது? என் மகன் சீனப்பள்ளியில் படிக்கிறான். அதற்கான காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கவிதை, நாவல், கட்டுரை என்று எல்லாவற்றிலும் கை வைக்கிறீர்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார் என் தாத்தா. சிறுவர் கதை நன்றாக வருகிறதே, அதோடு நின்றால் என்ன?

இன்னொன்று. வகுப்புக்காக நான் எழுதிய கதைகளைப் புத்தகமாகப் போட ஆசை. பதிப்பகம் இல்லாமல் எப்படிப் போடுகிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

முதலில் சீனப்பள்ளி விஷயம். அந்தக் கட்டுரையில் எல்லாரையும் ஒரே சாட்டையால் விளாசியது என் தப்பு. கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை. கேட்ட தோரணைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி உங்கள் தாத்தாவின் தச்சன்.

நான்கு வருடத்துக்கு முன்பு பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறை தெற்கில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். 150 அல்லது அதற்கும் குறைவான பிள்ளைகள் இருந்தாலே குறைந்த மாணவர் பள்ளி என்று கணக்கு. அங்கே மொத்தமே 11 பேர். முதலாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் ஒரே அறை, நடுவில் ஓர் அலமாரி. அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரே ஒரு பெண்பிள்ளை. பக்கத்து நாற்காலியில் தன் தண்ணீர்ப் போத்தலை உட்கார வைத்திருந்தாள். பேச்சுத்துணைக்காம். “எத்தனையாவது வருவே?” என்று விளையாட்டாகக் கேட்டேன். “முதலும் நான்தான், கடைசியும் நான்தான்” என்றாள். சிரிக்கவில்லை. விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி வீடு திரும்பும்போதே நான்கு வரி வந்துவிட்டது.

வருகைப் பதிவேட்டில்
ஒரே ஒரு பெயர்.
காய்ச்சல் வந்தால்
வகுப்புக்கே விடுமுறை.

அதற்கு மேல் அந்தக் கவிதை நீளவில்லை. நீட்டிப் பார்த்தேன், கெட்டது. ஆனால் போத்தல் மனதை விட்டுப் போகவில்லை. போத்தல் பேசினால் என்ன பேசும்? அங்கிருந்துதான் நீங்கள் வாசித்த கதை வந்தது. கடைசிப் பக்கத்தில் பட்டணத்திலிருந்து ஒரு மஞ்சள் பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்து இறங்குவதாக முடித்தேன். சிறுவர் கதைதானே, சந்தோஷமாக முடியட்டும் என்று நினைத்தேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையோரம் மேசை போட்டுப் புத்தகம் விற்றேன். 9 வயது இருக்கும் ஒரு பையன், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், நின்றபடியே முழுக்கதையையும் படித்தான். அம்மா கூப்பிடக் கூப்பிட அசையவில்லை. முடித்துவிட்டுக் கேட்டான்: “அங்கிள், இந்த பஸ் எப்ப வரும்? எங்க ஸ்கூலுக்கு வரவே இல்லையே.”

என்னிடம் பதில் இல்லை, டீச்சர். அவன் போன பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பஸ் ஏன் வரவில்லை என்று தேடப் போய்த்தான் கட்டுரை எழுத நேர்ந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். அதற்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் சனம் தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்து பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குப் போனது. பள்ளிக்கூடம் மட்டும் தோட்டத்துக்காரன் நிலத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி உரிமத்தை மாற்றலாம். ஆனால் நிலம் வேண்டும், பணம் வேண்டும், கோப்பு நகர வேண்டும். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கெடுத்து 2016-இல் 200 ஆண்டு விழா எடுத்தோம். நானும் கைதட்டினேன். இதையெல்லாம் போத்தல் வாயால் சொல்ல முடியுமா?

கட்டுரையிலும் ஒரு ஆள் அடங்காமல் நின்றார். பள்ளித் தவணை தொடங்கும் முன் தாமான் தாமானாக வீடு வீடாகப் போய், “உங்க பிள்ளையை நம்ம பள்ளிக்கு அனுப்புங்கம்மா” என்று கேட்கிற ஒரு தலைமையாசிரியர். கற்பனை ஆள்தான். நாவல் அவரைப் பற்றியது, இன்னும் முடியவில்லை. அவர் மகனும் வேறு பள்ளியில்தான் படிக்கிறான். ஒரு வீட்டில் அதைக் கேட்டுவிடுகிறார்கள். வாசலில் செருப்பை மாட்டத் தெரியாமல் நிற்கிறார். கட்டுரையில் சாட்டை எடுத்தவன், அவருக்கு நியாயம் தேடி ஒன்பது அத்தியாயம் எழுதிக் கிழித்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த இரவு பத்தாவதைத் தொடங்கினேன்.

தாத்தாவிடம் சொல்லுங்கள், இந்தத் தச்சன் பல மரம் பார்க்கவில்லை. நான்கு வருடமாக ஒரே மரத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறான்.

புத்தகம் போடுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கடினம் இல்லை. ஐஎஸ்பிஎன் என்கிற நூல் அடையாள எண்ணை மலேசியத் தேசிய நூலகமே இலவசமாகத் தருகிறது. அச்சிட்டபின் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக அச்சகத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் ‘கொ’வுக்குக் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் போய் நிற்கும். தமிழ் தெரியாத அச்சகத்துக்காரருக்கு அது சரியாகத்தான் தெரியும். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். இது தெரியாமல் என் முதல் புத்தகத்தை 30 பக்கத்துக்கு எழுதினேன். மிச்சம் இரண்டு பக்கம் வெறுமையாக வந்தது. ‘இங்கே நீயே வரை’ என்று போட்டுச் சமாளித்தேன். அதைப் புதுமையான கற்பித்தல் உத்தி என்று ஒருவர் மேடையில் பாராட்டினார். நானும் தலையாட்டினேன்.

டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவரை அழைத்து முதல் நூலைக் கொடுத்துப் பண உறையை வாங்குகிற வெளியீட்டு விழாவை நான் வைப்பதில்லை. அச்சுக்கூலி ஒரே மாலையில் திரும்பிவிடும், உண்மைதான். வாங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டில் புத்தகம் பிரிக்கப்படுகிறது? நான் 500 அடித்தேன். 140 இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மற்றதெல்லாம் யாரோ 15 வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கியது. முதல் புத்தகத்துக்கு நீங்கள் விழா வைத்தால் தப்பில்லை. எனக்குச் சம்பளம் துறைமுகத்துச் சரக்குக் கணக்கிலிருந்து வருகிறது, அந்தத் திமிரில் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். உங்கள் வகுப்பில் இருப்பது எந்தப் பதிப்பு? இரண்டாம் பதிப்பில் பேருந்து வராது. அந்தப் பெண்பிள்ளை, ஆசிரியரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தானே பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுவாள், போத்தல் பெயரையும் சேர்த்து. கடைசிப் பக்கத்தில் மஞ்சள் பேருந்து இருந்தால் பள்ளி முகவரியை எழுதுங்கள், மாற்றி அனுப்புகிறேன். பழையதையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முடிவு பிடித்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.